கணிப்பொறியின் நிலைபேறு

செட்டிநாட்டு ஊர்களுக்குள் நுழைவோர் கண்ணில் முதலிற் படுவன அங்குள்ள பெருவீடுகளே ஆகும். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் முதலிய ஊர்களில் நூறாண்டு கடந்த வீடுகள் பல இன்றும் உறுதியுடன் நிற்கின்றன. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்குத் தூண்களும், சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவைச் சேர்த்து இழைத்துப் பூசிய சுவர்களும், ஆத்தங்குடியிற் கையால் வார்த்த தரைக்கற்களும் அவ்வீடுகளுக்கு உறுதியும் அழகும் தந்தன. ஆயினும், ஒரு கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் பூசலின்றி வாழ்ந்தமைக்குத் தேக்கும் சுண்ணாம்பும் காரணங்கள் ஆகா. அதற்குக் காரணம் வீட்டின் அமைப்பே ஆகும்.

முகப்பைக் கடந்து உள்ளே சென்றால் வானம் பார்த்த முற்றம் ஒன்று தோன்றும். அதனைச் சூழ்ந்த பகுதியை வளவு என்பர். வளவின் இருமருங்கிலும் அறைகள் வரிசையாக அமைந்திருக்கும். ஒரு தந்தைக்கு மைந்தர் நால்வர் இருப்பின், மணமான பின்னர் ஒவ்வொருவர்க்கும் ஓர் அறையும் ஓர் அடுப்பும் தனியே அளிக்கப்படும். இதனை 'வேறு வைத்தல்' என்று அந்நாட்டார் வழங்குவர். கூரை ஒன்று, முற்றம் ஒன்று, ஆனால் அறை வேறு, சாவி வேறு, அடுப்பு வேறு. ஓர் அடுப்பிற் பால் பொங்கி வழிந்தால் மற்றோர் அடுப்பு அணைவதில்லை. பொதுவுடைமையும் தனியெல்லையும் ஒருங்கே அமைந்த இவ்வமைப்பினை மனத்திற் கொண்டால், இக்காலத்துக் கருவியாகிய கணிப்பொறியின் இயல்பொன்று எளிதில் விளங்கும்.

கணிப்பொறியைப் பயன்படுத்துவோரிடையே ஒரு வினா நெடுநாளாக வழங்கி வருகிறது. விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டனுள் அன்றாடப் பயன்பாட்டில் நிலைபேறு மிக்கது எது என்பதே அவ்வினா. ஒரே சொல்லில் விடை கூறுவோர் இரு சாராரிடத்தும் உளர். நிலைபேறு என்பது யாது, அஃது எதனால் வருகிறது என்று ஆராய்ந்த பின்னர் விடை காண்பதே முறையாகும்.

இயங்குதளம்

கணிப்பொறியில் உள்ள விசைப்பலகை, திரை, நினைவகம், வட்டு முதலிய உறுப்புகள் தாமே ஒன்றோடொன்று கூடி வேலை செய்யமாட்டா. கடிதம் எழுதும் நிரல், கணக்கிடும் நிரல், படம் காட்டும் நிரல் ஆகியவற்றுக்கு அவ்வுறுப்புகளைப் பங்கிட்டு அளிக்கும் தலைமை நிரல் ஒன்று வேண்டும். அத்தலைமை நிரலே இயங்குதளம் எனப்படும். அதன் நடுவே நின்று எல்லாவற்றையும் தாங்கும் பகுதி உட்கரு ஆகும். வீட்டுக்கு நடுத்தூண் எத்தகையதோ, இயங்குதளத்துக்கு உட்கரு அத்தகையது.

விண்டோஸ் என்பது அமெரிக்க நாட்டின் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் படைப்பாகும். அதன் முதற்பதிப்பு 1985ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. லினக்ஸின் வரலாறு வேறு வகையானது. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், தாம் ஓர் உட்கரு இயற்றி வருவதாக 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அறிவித்தார். 1969ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் நெறிகளை அவர் பின்பற்றினார். அவருடைய உட்கருவோடு, ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் அறிவித்த 'குனூ' திட்டத்தின் நிரல்களும் சேர்ந்தன. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு அளிக்கலாம் என்னும் உரிமையோடு அது பரவியது. டெபியன், உபுண்டு முதலிய பல பெயர்களில் அது வழங்கி வருகிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸை உருவாக்கி 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது.

நிலைபேற்றின் மூன்று கூறுகள்

நிலைபேறு என்னும் சொல் மூன்று கருத்துகளை உள்ளடக்கியது. வேலையின் நடுவே பொறி நின்றுபோகாமை முதலாவது. நேற்று இருந்தவாறே இன்றும் இருத்தல் இரண்டாவது. ஆண்டு பல கழியினும் பயன் தந்து உழைத்தல் மூன்றாவது. ஒரு கூற்றிற் சிறந்த இயங்குதளம் மற்றொன்றிற் பின்தங்கவும் கூடும். ஆதலின் அவற்றைத் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

நடுவே நின்றுபோகாமை

1995ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 உலகெங்கும் பரவியது. ஆனால் அதன் அறைகளுக்கிடையே சுவர் முழுமையாக எழுப்பப்படவில்லை. பழைய நிரல்களும் ஓடவேண்டும் என்பதற்காக நினைவகத்தின் சில பகுதிகள் எல்லா நிரல்களுக்கும் திறந்து விடப்பட்டிருந்தன. ஒரு நிரல் பிழை செய்து அப்பொதுவிடத்திற் கைவைத்தால், பொறி முழுவதும் நின்றுபோகும். நீலத்திரை தோன்றும். எழுதிக்கொண்டிருந்த கடிதம் மறையும். விண்டோஸ் நிலையற்றது என்னும் பெயர் பெரும்பாலும் அக்காலத்தே தோன்றியதாகும்.

அக்காலத்துக் குறை ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. பொறி தொடங்கிய கணத்திலிருந்து நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினை அலகாகக் கொண்டு விண்டோஸ் காலத்தை எண்ணி வந்தது. எண்ணுவதற்கு ஒதுக்கிய இடமோ 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் வரையே கொள்ளும். ஏறத்தாழ 49.7 நாள்களில் அவ்விடம் நிரம்பி எண்ணிக்கை மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். அதனை எதிர்பாராத விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியன அப்போது அசைவற்று நின்றுவிடும். ஆனால் அத்துணை நாள் இடைவிடாது ஓடிய பொறிகள் மிகச் சிலவே. ஆதலின் அக்குறை சில ஆண்டுகள் வெளிப்படவேயில்லை.

யூனிக்ஸ் நெறியில் வந்த லினக்ஸோ தொடக்கத்திலிருந்தே பலர் ஒரே பொறியைப் பயன்படுத்துவர் என்னும் எண்ணத்தோடு அமைக்கப்பட்டது. ஒவ்வொரு நிரலுக்கும் தனி அறை உண்டு. ஒவ்வொரு பயனாளர்க்கும் தனிச் சாவி உண்டு. வீட்டுத் தலைவரின் கொத்துச் சாவியைப் போன்றது அதன் தலைமை அதிகாரம். புதிய நிரலை நிறுவவோ உட்கருவிற் கைவைக்கவோ வேண்டுமாயின் கடவுச்சொல்லைக் கூறி அச்சாவியைப் பெறுதல் வேண்டும். அன்றாட வேலைகள் யாவும் எளிய சாவியைக் கொண்டே நடைபெறும். ஒருவர் தவறு செய்தால் அவருடைய அறை கெடுமேயன்றி வீடு இடிவதில்லை.

இவ்வேற்றுமை இன்றும் அவ்வாறே உள்ளது எனக் கூறுதல் உண்மைக்கு மாறாகும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1993ஆம் ஆண்டில் விண்டோஸ் என்.டி. என்னும் வலிய உட்கருவை அலுவலகங்களுக்காக வெளியிட்டது. 2001ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி வழியாக அவ்வுட்கரு இல்லங்களுக்கும் வந்தது. எனினும் எக்ஸ்பி காலத்தில் வீட்டுப் பயனாளர் பெரும்பாலோர் கொத்துச் சாவியை இடுப்பிற் செருகிக்கொண்டே எல்லா வேலைகளையும் செய்தனர். நச்சுநிரல்களுக்கு அது வாய்ப்பாயிற்று. 2007ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா, முதன்மையான மாற்றங்களுக்கு முன் இசைவு கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. இன்றைய விண்டோஸில் ஒரு நிரல் வீழ்ந்தால் பெரும்பாலும் அந்நிரல் மட்டுமே வீழ்கிறது. சுவர் எழுப்பும் கலையை இரு வீட்டாரும் கற்றுக்கொண்டனர் எனலாம்.

அங்ஙனமாயின், இக்காலத்துப் பொறிகள் நின்றுபோவது எதனால்? அச்சுப்பொறி, ஒலிக்கருவி, திரையட்டை போன்ற ஒவ்வோர் உறுப்புக்கும் அதனை இயக்கும் சிறு நிரல் ஒன்று உண்டு. அது இயக்கி எனப்படும். இயக்கிகளுட் பல உட்கருவின் உள்ளேயே நின்று வேலை செய்வன. அறையிற் பால் பொங்கினால் அறையளவோடு நிற்கும். நடுத்தூணில் வெட்டு விழுந்தால் வீடு முழுவதும் ஆடும் அன்றோ?

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் இவ்வுண்மையை உலகம் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் காவல் நிரல் விண்டோஸின் உட்கருவில் இடம்பெற்றிருந்தது. அந்நிரலுக்கு அனுப்பப்பட்ட பிழையான கோப்பு ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றிற் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் வழங்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட் எழுதாத கோப்பு ஒன்று விண்டோஸை வீழ்த்தியது. காவலுக்கென்று உள்ளே விட்டவனே தூணைச் சாய்த்த கதையாக அது முடிந்தது. லினக்ஸ் பொறிகள் அன்று தப்பின. எனினும் உட்கருவினுள் பிறர் நிரலை விடும் எந்த இயங்குதளத்துக்கும் அவ்விடர் உண்டு என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடமாகும்.

லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் உட்கருவின் மூலத்தோடு சேர்த்தே வைக்கப்படுகின்றன. பலர் அவற்றைப் படித்துத் திருத்துகின்றனர். அஃது ஒரு நன்மை. ஆனால் உறுப்புகளைச் செய்யும் நிறுவனங்கள் பல முதலில் விண்டோஸுக்கே இயக்கிகளை எழுதுகின்றன. ஆதலின் சிற்சில மடிக்கணினிகளில் லினக்ஸை நிறுவினால் கம்பியில்லா இணைப்பு அமையாது. மூடித் திறந்தபின் திரை விழிக்காது. அச்சுப்பொறி பாதி வேலையே செய்யும். அவ்வேளையில் உட்கரு நலமாகவே இருக்கும். கற்றவர் ஒருவர் வேறு வழியாக உட்புகுந்து, தடைப்பட்ட நிரலை மட்டும் நிறுத்தி, பொறியை மீட்கவும் கூடும். ஆனால் எழுதிக்கொண்டிருந்த மாணவிக்கு அதனால் ஆறுதல் யாது? தூண் நிற்கிறது, கதவு திறக்கவில்லை. வீட்டினுள் செல்ல வந்தவர்க்கு இரண்டும் ஒன்றே.

உலகின் மிகு விரைவுக் கணிப்பொறிகள் ஐந்நூறும் 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவும் லினக்ஸே. இவை லினக்ஸ் உட்கருவின் வலிமைக்குச் சான்றுகள். ஆயினும் தேரோடும் வீதியில் ஓடிய தேர் சந்துக்குள்ளும் திரும்பும் என்று கொள்ளலாகாது. மேசைக் கணிப்பொறியின் நிலைபேறு, உட்கருவோடு திரையமைப்பும் இயக்கிகளும் நிரல்களும் ஒத்துச் செல்வதைப் பொறுத்தது.

நேற்றுப்போல் இன்றும் இருத்தல்

இனி இரண்டாம் கூற்றினை நோக்குவோம். காலையிற் கடையைத் திறக்கும் வணிகர், நேற்று வைத்த இடத்திற் கணக்கேடு இருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பர். கணிப்பொறியோ இடைவிடாது மாறும் இயல்பினது. பிழைகளைத் திருத்தவும் புதிய தீங்குகளைத் தடுக்கவும் அதற்குப் புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும்.

பயன்பாட்டில் உள்ள கோப்பினை மாற்ற விண்டோஸ் பெரும்பாலும் இடங்கொடாது. ஆதலின் பல புதுப்பிப்புகளுக்குப் பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டியுள்ளது. வேண்டாத வேளையில் அது தொடங்கிவிட்டால், தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாழிகையும் வீணாகும். லினக்ஸில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பினை மாற்றலாம். பழையது ஓடி முடியும்வரை பழையதாகவே இருக்கும். மறுமுறை திறக்கும்போது புதியது வரும். உட்கருவையே மாற்றும்போதுதான் பொறியை மீளத் தொடங்குதல் இன்றியமையாதது ஆகும். எப்போது புதுப்பிப்பது என்பதைப் பெரும்பாலும் பயனாளரே தீர்மானிக்கலாம். இக்கூற்றில் லினக்ஸுக்கு மேன்மை உண்டு.

ஆயினும் புதுப்பித்தலால் வரும் துன்பம் ஒருவர்க்கே உரியதன்று. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று, சிலருடைய கோப்புகளை அழித்துவிட்டது என்னும் முறையீடு எழவே, மைக்ரோசாஃப்ட் அதனை நிறுத்தி வைத்தது. அதற்கு முன்னர், 2017ஆம் ஆண்டு டிசம்பரில், உபுண்டு 17.10 என்னும் லினக்ஸ் பதிப்பு சில மடிக்கணினிகளின் தொடக்க அமைப்பினைக் கெடுத்ததால் பொதுமக்கள் பெறாதவாறு விலக்கப்பட்டது. அங்கும் பிழை ஓர் இயக்கியிலேயே இருந்தது.

லினக்ஸில் மற்றொரு வேற்றுமையும் உண்டு. புதுமையை விரைந்து தரும் பதிப்புகளும், புதுமையைக் குறைத்து உறுதியைப் பேணும் பதிப்புகளும் அதிற் தனித்தனியே உள்ளன. உபுண்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை நெடுங்காலப் பதிப்பு ஒன்றை வெளியிட்டு, ஐந்தாண்டு வரை அதற்குத் திருத்தங்களை அளிக்கிறது. ஒரு பதிப்பு உறுதியானது என்று ஆராய்ந்த பிறகே டெபியன் குழுவினர் அதனை வெளியிடுகின்றனர். புதுமையை நாடி விரைவுப் பதிப்பை நிறுவிக்கொண்டு, பின்னர் லினக்ஸ் நிலையற்றது என்று குறை கூறுவோர் உளர். நெல் விதைக்கும் வயலில் நாற்றங்காலைத் தேடுவது போன்றது அவர்தம் செயல்.

நெடுநாள் உழைத்தல்

மூன்றாம் கூறு எளிய குடும்பங்களுக்கு மிகவும் வேண்டுவதாகும். தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. சிவகங்கை மாவட்டத்திலும் அரசுப் பள்ளி மாணவர் பலர் இல்லங்களுக்கு முதன்முதலாக வந்த கணிப்பொறி அதுவே. அத்திட்டத்தில் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஆகிய இரண்டும் இடம்பெற்றன. ஒரே பொறியில் இரு வாயில்கள் அமைந்தன எனலாம்.

காலம் கடந்தது. விண்டோஸ் 7 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த பொதுத் திருத்தங்கள் 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாளோடு நின்றன. விண்டோஸ் 10 பதிப்புக்கு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு அவ்வாறே நின்றன. பதிவு செய்துகொள்ளும் இல்லப் பயனாளர்க்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு அளிக்கப்பட்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் புதிய தலைமுறைச் செயலகத்தையும் கட்டாயமாக வேண்டுகிறது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அவை இல்லை. திருத்தம் நின்ற பொறி அன்றே ஓடாமற் போய்விடாது. ஆனால் பூட்டுப் பழுதான வீட்டைப் போல நாள்தோறும் இடருக்கு உள்ளாகும்.

காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் அத்தகைய மடிக்கணினி இருக்கும் வீடு ஒன்றனை எண்ணிப் பார்க்க. அக்காள் பள்ளியிற் பெற்றது. தம்பி இப்போது அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசையும் திரையும் நன்றாகவே உள்ளன. 'இனிப் பயனில்லை; புதிதாக வாங்குக' என்று கடைக்காரர் கூறுகிறார். புதியதன் விலையோ அவ்வீட்டின் பல மாத வருவாய். அத்தகைய வீட்டுக்கு லினக்ஸ் கைகொடுத்தல் கூடும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரையமைப்பு உடைய பதிப்பு குறைந்த நினைவகத்திலும் நடைபோடும். உரிமைக் கட்டணம் இல்லை. திருத்தங்களும் தொடர்ந்து வரும். லிபர் ஆபீஸில் கட்டுரை எழுதலாம். ஃபயர்ஃபாக்ஸ் வழியாக விண்ணப்பம் செய்யலாம். தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சும் செய்யலாம். எறிவதற்கிருந்த பொறி மேலும் சில ஆண்டுகள் உழைத்தால் அதனினும் மேலான நிலைபேறு ஏது?

எனினும் இதற்கும் எல்லை உண்டு. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் செயலகங்களில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. லினக்ஸும் எல்லாப் பழமையையும் என்றென்றும் சுமப்பதன்று. விண்டோஸினும் நெடுந்தொலைவு சுமக்கிறது என்பதே உண்மை.

வேலைக்கேற்ற தளம்

செட்டிநாட்டு வணிகர் பற்று வரவும் ஐந்தொகையும் எழுதுவதிற் பெயர் பெற்றவர். அவர்தம் வழியில் வந்த கடைகளில் இக்காலத்தே பெருவழக்காக உள்ள டேலி என்னும் கணக்கு நிரல் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டதாகும். அச்சகங்களிலும் விண்டோஸில் மட்டும் ஓடும் தமிழ்த் தட்டச்சு நிரல்களும் பழைய எழுத்துருக்களும் இன்னும் வழக்கில் உள்ளன. ஒருங்குறி முறையைத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட போதிலும், அதற்கு முன்னர் எழுதிக் குவித்த கோப்புகள் பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன. அந்நிரல்களையே நம்பி வாழ்வோர் இயங்குதளத்தை மாற்றினால், பொறி நிலைத்து நிற்கும், தொழில் நின்றுவிடும். அஃது அறிவுடைமை ஆகாது.

இதற்கு வெளிநாட்டுச் சான்றும் ஒன்று உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003ஆம் ஆண்டில் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. 2013ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை மாற்றியும் முடித்தது. ஆயினும் 2017ஆம் ஆண்டில் விண்டோஸுக்கே திரும்புவதென முடிவு செய்தது. பிற அலுவலகங்களின் கோப்புகளோடும் நிரல்களோடும் ஒத்துச் செல்லாமை அங்குப் பெரிதும் பேசப்பட்ட குறைகளுள் ஒன்றாகும்.

அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கதை வேறு. அங்கு 2001ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம், பின்னர்ப் படிப்படியாகக் கட்டற்ற நிரல்களுக்கு மாறியது. இன்று அம்மாநில அரசுப் பள்ளி மாணவர் லினக்ஸிலேயே கணினிப் பாடம் பயில்கின்றனர். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பதிப்பு. ஆசிரியர்க்கு முறையான பயிற்சி. பாடநூலும் அதற்கேற்ப எழுதப்பட்டது. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அடுத்த பள்ளியில் ஒருவர் உளர். தளம் ஒன்றே ஆயினும், உடன் நிற்போர் இருந்த இடத்தில் அது வேரூன்றியது.

ஆராய்ந்து தேர்தல்

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகும். ஒத்துப்போகும் பொறியில், நெடுங்காலப் பதிப்பாகத் தேர்ந்து நிறுவினால், லினக்ஸ் வேண்டாத குறுக்கீடின்றி அமைதியாக உழைக்கும். பழைய பொறிக்கு மறுவாழ்வும் தரும். புதிய உறுப்புகளோடும் வழக்கமான வணிக நிரல்களோடும் எளிதில் ஒத்துச் செல்வது விண்டோஸ். அதன் பழைய தளர்ச்சி இன்று பெரிதும் நீங்கியுள்ளது. ஆதலின் முப்பது ஆண்டுக்கு முற்பட்ட பெயரைக் கொண்டு இன்றைய பொருளை அளத்தல் இருவர்க்கும் இழுக்காகும்.

மாற எண்ணுவோர்க்கு நல்ல வழி ஒன்று உண்டு. லினக்ஸைக் கைவிரலளவுள்ள நினைவுக்கோல் ஒன்றில் ஏற்றி, பொறியின் வட்டில் எதனையும் மாற்றாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். கம்பியில்லா இணைப்புக் கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி அசைகிறதா, மூடித் திறந்தால் திரை விழிக்கிறதா என்று ஒரு வாரம் ஆராய்க. அதன் பின்னர், கோப்புகளுக்கெல்லாம் வேறோரிடத்திற் படி எடுத்து வைத்துக்கொண்டு நிறுவுக. படியெடுத்து வைக்காதவர்க்கு எந்த இயங்குதளமும் அரணாகாது.

மீண்டும் செட்டிநாட்டு வீடுகளை நோக்குவோம். அவற்றுள்ளும் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பல ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். ஓடு உடைந்தால் மாற்றுவோர் இல்லை. தேக்குத் தூண் வலியதே. ஆயினும் உடைந்த ஓட்டின் வழியே ஒழுகும் மழை அத்தூணின் அடியையும் அரிக்கிறது. அதே தெருவில், பங்காளிகள் கூடி ஆண்டுதோறும் செப்பனிடும் வீடு புதுமெருகுடன் நிற்கிறது. மரமும் சுண்ணாம்பும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றே. வேறுபட்டது பேணுதல் ஒன்றே.

கணிப்பொறிக்கும் அஃதே நெறி. விண்டோஸைப் பேணுபவர் அதனை விற்கும் நிறுவனத்தார். அவர்கள் பூட்டும் நாளில் அப்பதிப்பின் வாயில் அடைபடும். லினக்ஸைப் பேணுபவர் உலகெங்கும் பரந்த பங்காளிகள். அவர்களுட் சம்பளம் பெறுவோரும் உளர், விருப்பத்தால் உழைப்போரும் உளர். கற்க விரும்பும் மாணவனும் அப்பங்காளிகளுள் ஒருவனாகச் சேரலாம். எந்த வீட்டிற் குடியிருந்தாலும், அதன் கட்டுமானத்தை அறிந்து, சாவியைக் காத்து, ஒழுகும் ஓட்டினை உரிய காலத்தில் மாற்றுபவர்க்கே அது நிலைத்து நிற்கும்.